'நாவல் இனத் தவளை' என்று ஒரு தவளை கிடையாது

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக் கையேட்டில் இருந்த 'நாவல் இனத் தவளை' தப்பான மொழிபெயர்ப்பு என்று இரண்டு வரி எழுதியதற்கு இவ்வளவு கோபமா? 'தனித்தமிழ் வெறி' என்கிறார்கள். இல்லைங்க. பஸ், வைரஸ், பேட்டன்ட் எல்லாம் நானும்தான் எழுதுகிறேன். நான் கேட்பது பொருள்.

ஆங்கிலத்தில் 'novel' என்ற பெயரடைக்கு இங்கே 'இதுவரை பதிவாகாத' என்று அர்த்தம். தமிழில் நாவல் என்றால் மரம், தி.நகரில் கூறு வைத்து விற்கிற பழம், இல்லையென்றால் கதைப் புத்தகம். இதில் தவளை எங்கே வந்தது?

'புதிய இனம்' என்று போட்டாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதா தவளைக்கு 2003இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். அதன் மரபோ 10 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. அது புதிய தவளை இல்லை, புதிதாக விவரிக்கப்பட்ட தவளை. 'புதிய' தவளையைப் பற்றிச் சொல்கிறது, 'புதிதாக' நாம் கண்டதைப் பற்றிச் சொல்கிறது. இந்த வித்தியாசத்தைத் தமிழ் ஒரே விகுதியில் காட்டுகிறது. அதைத்தான் தூக்கி எறிகிறோம்.

'நாவல் கொரோனா என்று எல்லோரும் எழுதினார்களே, அதுதானே பெயர்?' பெயரே இல்லை. 2012இல் மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸையும் முதலில் அப்படித்தான் அழைத்தார்கள். பெயர் வைக்கும்வரை ஒட்டுகிற சீட்டு அது. 2020 பிப்ரவரி 11இல் வைரஸுக்கும் நோய்க்கும் பெயர் வந்ததும் சீட்டைக் கிழித்திருக்க வேண்டும். இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

'வாசகருக்குப் புரிந்தால் போதாதா?' புரியவில்லை என்றுதானே சொல்கிறேன்!

பேட்டன்ட் விஷயத்தில் இது காசு. அங்கே இதே சொல்லை 'புதுமையான' என்று பெயர்க்கிறார்கள். படிக்கிறவர் 'நம் கருவி அசத்தலானது, போதும்' என்று நினைப்பார். இந்தச் சொல்லால் சட்டம் கேட்பது அசத்தலை இல்லை. மனு போடும் நாளுக்கு முன் உலகில் எங்காவது வெளியாகியிருக்கிறதா என்பதைத்தான் கேட்கிறது. சில விலக்குகள் தவிர, நீங்களே எழுதிய கட்டுரை முன்னாடி வந்திருந்தாலும் போச்சு. யூடியூபில் செயல்முறையைக் காட்டிவிட்டு அப்புறம் கிண்டி பேட்டன்ட் அலுவலகத்துக்குப் போனால் அந்த வீடியோவே எதிராக நிற்கும். அங்கே எழுத வேண்டியது 'முன்பு வெளியாகாத'.

அகராதியைத் திறக்காமல் ஒலியை மட்டும் இறக்கிவைப்பது மொழிபெயர்ப்பா? சொன்னவனை வெறியன் என்பது விவாதமா? வலிக்கிறதுங்க.

கையேட்டை மறுபடி அச்சடிப்பதாகச் சொல்கிறார்கள். அந்த வரியை இப்படி மாற்றுங்கள்: 'அறிவியல் இதுவரை விவரிக்காத ஒரு தவளை இனம்.'