கேட்டில் நிற்கிற பையனுக்கும் பயிற்சி வேண்டும்

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளில் பாய்லர் பார்ப்பவருக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள், லேபில் இருப்பவருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், ஆனால் சீசனில் லோடு லோடாகக் காய் எடுக்கிற பர்சேஸ் பையன் கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து கேட்டில் நிறுத்திவிடுகிறார்கள். முதலாளி பணத்தில் பெரும்பகுதி அவன் கை வழியாகத்தான் வெளியே போகிறது. பல வருடமாக இதே பர்சேஸில் இருப்பவன் என்பதால் இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

முன்பு நான் இருந்த ஓர் ஆலையில், டிகிரி முடித்து வந்த பையனிடம் "கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்து எடு" என்று மட்டும் சொன்னார்கள். அவனும் குறைத்துத்தான் எடுத்தான், வந்ததெல்லாம் முற்றாத பெங்களூரா ரக மாங்காய். பழுக்கப் போட்ட இடத்தில் தோல் சுருங்கியதே தவிர இனிப்பு ஏறவில்லை. கூழின் பிரிக்ஸ், அதாவது இனிப்பு அளவு, 12 காட்டியது, வாங்குகிறவர் கேட்டது குறைந்தது 14. நல்ல கூழோடு கலந்து கொஞ்சம் சரிக்கட்டினோம், மிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளினோம். மிச்சம் பிடித்த அந்த ஒரு ரூபாய் எங்கே போனதென்றே தெரியவில்லை. திட்டு வாங்கியது மட்டும் அந்தப் பையன். சொல்லிக் கொடுக்காத பாடத்தில் அவனை எப்படி ஃபெயில் ஆக்குவது?

அடுத்த சீசனில் இரண்டு நாள் அவனை மண்டிக்குக் கூட்டிப்போனேன். காயை அறுத்து, கொட்டை ஓடு கெட்டிப்பட்டிருக்கிறதா, சதை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்புகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பழுத்த சாம்பிளைப் பிழிந்து, ஒரு சொட்டுச் சாற்றை, பிரிக்ஸ் அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கோடு எங்கே நிற்கிறது என்று அவனே படித்தான். அப்புறம் ஒருநாள் தோட்டக்காரரிடம், "அண்ணா, இன்னும் ஒரு வாரம் மரத்திலேயே விடுங்க, இதே விலைக்கு நானே எடுத்துக்கறேன்" என்று பேசிக்கொண்டிருந்தான். அவருக்கும் எடை கூடியது, எங்களுக்கும் கூழ் தேறியது. இரண்டு நாள் செலவுதான்.

பில் பக்கமும் இதே கதைதான். சிறு தொழில்காரரிடம் டிரம்மோ அட்டைப்பெட்டியோ வாங்கினால், 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது, இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. இது தெரியாமலேயே 90 நாள் கிரெடிட் பேசிவிட்டு வந்து நிற்கிறவர்கள் எத்தனையோ பேர்.

சீசன் சூடுபிடிப்பதற்கு முன், மே மாதம், எங்கள் ஆட்களுக்கு மறுபடி இரண்டு நாள் நடத்துகிறேன். பக்கத்து ஆலைத் தம்பிகளும் வந்து உட்காரலாம். கத்தி, காய், மீட்டர் எல்லாம் நான் கொண்டுவருகிறேன்.