ஒரு பீட்டின் விலை எங்கே எழுதப்படுகிறது?

புகழ்பெற்ற ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர்கள் ஒரு பீட்டுக்கு, அதாவது ராப் சொற்களுக்குப் பின்னணியாக ஓடும் இசைக்கு, எத்தனை லட்சம் டாலர் வாங்குகிறார்கள் என்ற பட்டியல் சமூக ஊடகங்களில் திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. டிம்பலண்ட், ஃபாரெல், ஸ்காட் ஸ்டார்ச், மெட்ரோ பூமின் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு தொகை இருக்கும். மூன்று நிமிடத் தாளத்துக்கு இவ்வளவு பணமா என்று சிலர் வியப்பார்கள், சிலர் கோபப்படுவார்கள். அந்தத் தொகைகள் அதிகம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பாடலின் முதுகெலும்பையே உருவாக்கிக் கொடுப்பவருக்கு அது நியாயமான கூலிதான். ஆனால் அந்தப் பட்டியல்கள் காட்டுவது முன்பணத்தை மட்டுமே. பீட்டின் மதிப்பு உண்மையில் முடிவாவது ஒப்பந்தத்தின் பிற்பகுதியில் வரும் சதவீதங்களில்தான். அந்தச் சதவீதங்களைப் பற்றி யாரும் பேசாததால், இந்தத் துறைக்குள் வரும் இளைஞர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டுமோ அதைக் கேட்காமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள்.

பெரிய லேபிள், அதாவது இசைப்பதிவு நிறுவனம் ஒன்று ஒரு பீட்டுக்குப் பணம் கொடுக்கும்போது, வழக்கமாகப் பாதியை முதலிலும், மீதியை டிரம்ஸ், பேஸ், கீபோர்டு என்று தனித்தனித் தடங்களாகப் பிரித்த கோப்புகள் கைக்கு வந்த பிறகும் கொடுக்கும். இந்தத் தொகை அநேகமாக எப்போதும் பின்னால் வரவேண்டிய ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்ளப்படும் முன்பணம். அந்த ராயல்டியைத் துறையில் 'பாயின்ட்' என்பார்கள். ஒரு பாயின்ட் என்றால் பதிவின் விற்பனையில் ஒரு சதவீதம். மூன்று அல்லது நான்கு பாயின்ட் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். பாடகரின் பதிவுச் செலவுகள் முழுவதும் மீண்ட பிறகு, முதல் பிரதியிலிருந்தே கணக்கிட்டு, முன்பணத்தைக் கழித்து, மீதியைத் தர வேண்டும் என்பது நல்ல ஒப்பந்தங்களில் இருக்கும் வாசகம். இது எதிலும் சேராமல் தனியாக நிற்பது பப்ளிஷிங், அதாவது பாடலை எழுதியவர் என்ற முறையில் வரும் உரிமைத்தொகை. ராப்பில் பீட்டைச் செய்தவர் பாடலின் இசையை எழுதியவராகவே கருதப்படுவதால், சொற்களுக்குப் பாதி, இசைக்குப் பாதி என்பதே பொதுவான பங்கீடு.

இந்தப் பாதி எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். '50 சென்ட்' என்ற ராப்பரின் முதல் பெரிய ஆல்பம் 2003 பிப்ரவரியில் வெளிவந்து, முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 8,72,000 பிரதிகள் விற்றது. அந்த ஆண்டு ஒரு பாடலின் ஒரு பிரதிக்கு எழுதியவர்களுக்குச் சட்டப்படி சேர வேண்டிய தொகை 8 சென்ட். ஆல்பத்தில் இருக்கும் எந்த ஒரு பாடலுக்கும் அந்த ஒரு வாரத்தில் மட்டும் 69,760 டாலர் சேரும். அதில் பாதியை வைத்திருக்கும் பீட் தயாரிப்பாளருக்கு 34,880 டாலர். லேபிள்கள் ஒப்பந்தத்தில் அந்த விகிதத்தை முக்காலாகக் குறைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், அப்படிக் குறைத்தாலும் 26,160 டாலர் நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது, வானொலியில் ஓயாமல் ஒலித்த பாடலுக்கும், யாரும் பெரிதாகப் பேசாத பதிமூன்றாவது பாடலுக்கும் ஒரு குறுந்தகடுக்கு ஒரே தொகைதான் என்பது. ஆல்பத்தில் ஓர் இடம் கிடைத்தாலே போதும், வீட்டுக் கடன் அடைந்துவிடும். அந்தக் காலத்தில் தயாரிப்பாளர்கள் கட்டணத்தைவிட அந்த ஓர் இடத்துக்காகவே போட்டியிட்டதும், பெரிய பெயர்கள் லட்சம் டாலர் கேட்டபோது லேபிள்கள் தயங்காமல் கொடுத்ததும் இந்தக் கணக்கினால்தான்.

அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. 1999இல் 1,460 கோடி டாலராக இருந்த அமெரிக்க இசைப்பதிவு வருமானம், 2014 வாக்கில் அதில் பாதிக்கும் கீழே போனது. இன்று ஸ்ட்ரீமிங்கில் கேட்கப்படும் பாடலுக்கு மட்டுமே பணம் வருகிறது. பதிமூன்றாவது பாடல் தன் காலில்தான் நிற்க வேண்டும். நட்சத்திரங்களின் கட்டணம் இப்போதும் உயரத்தில் இருக்கலாம். நடுத்தட்டில் இருந்தவர்களின் கட்டணம்தான் சரிந்தது.

பெரிய தொகை மட்டுமே ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு ஸ்காட் ஸ்டார்ச்சைவிடத் தெளிவான சான்று இல்லை. டாக்டர் ட்ரேயின் 'ஸ்டில் டி.ஆர்.இ.' பாடலில் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பியானோ 1999இல் அவர் வாசித்தது. 2000களின் நடுவில் அவர் ஒரு பீட்டுக்கு லட்சம் டாலர் வரை வாங்கியதாக ஊடகங்கள் எழுதின. கோடிக்கணக்கில் வந்த பணம் போதைப்பொருளிலும் கார்களிலும் மாளிகையிலும் கரைந்தது. 2015இல் அவர் ஃபுளோரிடாவில் திவால் மனு கொடுத்தபோது சொத்து என்று காட்டியது சுமார் 3,600 டாலர். அதில் பெரும்பகுதி ஒரு கைக்கடிகாரத்தின் மதிப்பு. அவர் பிறகு மீண்டு வந்து இன்றும் இசையமைக்கிறார், அது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலின் 2022 இடைவேளை நிகழ்ச்சி அவருடைய பியானோவில்தான் முடிந்தது. அந்தப் பாடலை எழுதியவர்களில் ஒருவராக அவர் பெயரும் பதிவாகியிருக்கிறது. 1999இல் கைக்கு வந்த கட்டணம் எப்போதோ செலவாகிப் போயிருக்கும், ஆனால் எழுத்தாளர் என்ற அந்தப் பதிவு இன்றும் செல்லுபடியாகிறது.

மறுமுனையில் இருக்கும் விலைகளைப் பாருங்கள். 2016இல் பில்போர்ட் தரவரிசையில் முதலிடம் பிடித்த 'பாண்டா' பாடலின் பீட்டை, நியூயார்க் ராப்பர் டிசைனர் இணையத்தில் கண்டெடுத்து, மெனஸ் என்ற இங்கிலாந்துத் தயாரிப்பாளரிடம் 200 டாலருக்கு வாங்கினார். அதைவிட மலிவானது 2018இல் நடந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்ற இளைஞர், நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் 2008 ஆல்பத்திலிருந்து பாஞ்சோ என்ற நரம்புக் கருவியின் ஒலியை எடுத்து ஒரு பீட் செய்து, பீட்டுகள் விற்கப்படும் பீட்ஸ்டார்ஸ் இணையதளத்தில் போட்டு வைத்தார். அதை லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கினார். அந்த 'ஓல்ட் டவுன் ரோட்' 2019இல் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்து, அதுவரையிருந்த 16 வாரச் சாதனையை முறியடித்தது. தன் பீட்டில் இப்படி ஒரு பாடல் உருவாகியிருப்பதை யங்கியோ முதலில் அறிந்தது இன்ஸ்டகிராமில் சுற்றிய ஒரு மீம் வழியாகத்தான்.

30 டாலருக்கு அவர் விற்றது பீட்டை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை. இந்தத் தளங்களில் ஒரு பீட்டைத் திறந்தால், சில நொடிகளுக்கு ஒருமுறை அதைச் செய்தவரின் பெயரைச் சொல்லும் குரல் ஒன்று நடுவில் வந்து போகும். பணம் கட்டினால் அந்தக் குரல் நீங்கிய கோப்பு கிடைக்கும். கீழே விலைகள் படிப்படியாக ஏறும்: எம்பி3 ஒரு விலை, வேவ் கோப்பு அதற்கு மேல், தனித்தனித் தடங்கள் இன்னும் மேல். எல்லாவற்றுக்கும் மேலே, வேறு யாருக்கும் விற்கமாட்டேன் என்ற தனியுரிமம். கீழ்ப்படி உரிமங்களில் ஒரே பீட்டை நூறு பேர் வாங்கலாம், அதனால்தான் விலை குறைவு. ஆனால் எழுதியவர் என்ற உரிமை யங்கியோவிடமே இருந்தது. கொலம்பியா இசைப்பதிவு நிறுவனம் லில் நாஸ் எக்ஸை ஒப்பந்தம் செய்து, அனுமதி வாங்காமல் இருந்த அந்தப் பாஞ்சோ ஒலிக்கு அனுமதி பெற்றபோது, அந்த ஒலிக்கு உரிய ட்ரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் ஆகியோருடன் யங்கியோவின் பெயரும் எழுதியவர்கள் பட்டியலில் இடம்பெற்றது. 30 டாலரை மட்டும் சொல்லிப் பரிதாபப்படுபவர்கள் கதையின் இந்த மறுபாதியைச் சொல்வதே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லட்சம் டாலர் பீட்டுக்கு லேபிள் பணம் கொடுத்தாலும், அது பாடகரின் கணக்கில்தான் செலவாக ஏறும். முதல் ஆல்பத்தில் மூன்று நட்சத்திரத் தயாரிப்பாளர்களை வைத்துக்கொள்ளும் இருபது வயது ராப்பர், ஒரு பிரதி விற்பதற்கு முன்பே கடனாளி ஆகிவிடுகிறார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி இசைக்கும், ஒரு பகுதி பெயருக்கும் போகிறது. பெயர் இருந்தால் வானொலியும் ஸ்ட்ரீமிங் தளங்களும் கவனிக்கும் என்ற கணக்கில் கொடுக்கப்படுவது அது. அதைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பெரிய பெயரின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மெட்டுத் துண்டுகளைச் செய்து கொடுத்த இளைஞரின் பெயர் ஒப்பந்தத்தில் இல்லாமல் போவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெயர் இருந்தும் பங்கு கைவிட்டுப் போகலாம் என்பதற்கு ஹிட்-பாய் இருக்கிறார். ஜே-ஸியும் கான்யே வெஸ்ட்டும் சேர்ந்து பாடிய 2011ஆம் ஆண்டின் பெரும் வெற்றிப் பாடலுக்கு பீட் செய்தவர் அவர். கிராமி விருதுகளும் வாங்கியவர். தன் 19ஆவது வயதில் கையெழுத்திட்ட பப்ளிஷிங் ஒப்பந்தம் தன்னை எப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது என்று 2021இல் அவரே வெளிப்படையாகப் பேசினார். சட்டமும் மெதுவாகத்தான் நகர்கிறது: டிஜிட்டல் வானொலியிலிருந்து தயாரிப்பாளர்களுக்குச் சேர வேண்டிய பங்கை நேரடியாகச் செலுத்தும் வழிமுறை அமெரிக்கச் சட்டத்தில் இடம்பெற்றது 2018இல்தான். அதிலும் பொதுவாகப் பாடகர் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால்தான் பணம் வரும்.

சென்னையிலும் டொரொண்டோவிலும் தமிழில் ராப் பாடும் இளைஞர்கள் பலர் இதே இணையச் சந்தையில்தான் பீட் வாங்குகிறார்கள். சிலர் விற்கவும் தொடங்கியிருக்கிறார்கள். விற்பவர்கள், எத்தனை மலிவான உரிமமானாலும், எழுதியவர் பங்கு தமக்கே என்ற வரியை நீக்கச் சம்மதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இருபது டாலருக்கு எல்லா உரிமையும் தருகிறேன் என்று விளம்பரம் செய்பவர்கள் தம் பங்கை இழப்பதோடு, பக்கத்துக் கடைக்காரரின் பேரம் பேசும் வலிமையையும் குறைக்கிறார்கள். வாங்குபவர்கள் ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா, தாண்டினால் என்ன செய்ய வேண்டும், பீட்டுக்குள் வேறொருவரின் இசைத் துண்டு இருந்தால் அனுமதி வாங்கும் பொறுப்பு யாருடையது என்ற மூன்றையும் பணம் கட்டும் முன்பே படித்துவிட வேண்டும். அந்தப் பொறுப்பைப் பெரும்பாலான உரிமங்கள் வாங்குபவர் தலையிலேயே சுமத்துகின்றன. கொலம்பியா போன்ற ஒரு நிறுவனம் பின்னால் வந்து அதைத் தீர்த்துவைக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது.