ஒரே பதிவில் 61 மதுரை

(இலக்கிய வரலாற்று நூல் ஒன்று அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது. கடைசிப் பக்கங்களுக்கான சொல்லடைவை (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியலை) பக்க வடிவமைப்பு செய்யும் தம்பி எடுத்திருக்கிறான். மெய்ப்புப் பார்க்கும் அக்காவின் கையில் சிவப்புப் பேனா.)

அக்கா: என்னப்பா இது? "மதுரை"ன்னு ஒரே பதிவு, அதுக்கு 61 பக்க எண். தேடுறவன் விரல் தேஞ்சிரும்.

தம்பி: கன்ட்ரோல் எஃப் போட்டு வந்ததெல்லாம் எடுத்தேங்கா. ஒண்ணுகூட விடலை.

அக்கா: வம்பே அதுதான். 112-ஆம் பக்கத்தைத் திற. "மாயனை மன்னு வடமதுரை மைந்தனை". திருப்பாவை அஞ்சாம் பாட்டு. கண்ணன் வைகைக்கரையிலயா பொறந்தான்?

தம்பி: வடமதுரைன்னா திண்டுக்கல்லேர்ந்து திருச்சி போற வழியில...

அக்கா: ஆண்டாள் அந்த வழியா போகலை. அடுத்த அடியே "தூய பெருநீர் யமுனைத் துறைவனை". அது உத்தரப்பிரதேசத்து மதுரா. முன்னாடி ரெண்டு வரி, பின்னாடி ரெண்டு வரி படிக்காம எந்த ஊரையும் பதிவு பண்ணாதே.

தம்பி: சரி, அப்போ "உத்தர மதுரை"யையும் அதோட சேர்த்துடறேன். உத்தரம்னா வடக்குதானே?

அக்கா: கெடுத்தியே! இறையனார் களவியல்ங்கிற பழைய இலக்கண நூலோட உரையில வர்ற உத்தர மதுரை நம்ம மீனாட்சி மதுரைதான். அந்த உரைப்படி முதற்சங்கம் இருந்த மதுரையைக் கடல் கொண்டுபோச்சு, இடைச்சங்கம் கபாடபுரத்துல, கடைச்சங்கம் உத்தர மதுரையில. தெற்கே மூழ்கினதை வச்சுப் பார்த்தா இது வடக்கு.

தம்பி: வீடு இருந்த இடத்துலயே இருக்கு, திசை மாறிடுச்சா?

அக்கா: மூழ்கினதுக்கு "மதுரை, கடல்கொண்ட (உரை மரபு)"ன்னு தனிப் பதிவு போடு. மூணு சங்கத்துக்கும் 4440, 3700, 1850 ஆண்டுன்னு அந்த உரை கணக்கும் சொல்லுது. மூணையும் 37-ஆல வகுத்துப் பாரு.

தம்பி: (தட்டிப் பார்த்து) 120... 100... 50! மீதியே இல்லையேக்கா. வரலாறு இவ்வளவு சுத்தமாவா நடந்துச்சு?

அக்கா: அதுக்குத்தான் "மரபு"ன்னு போடச் சொன்னது.

தம்பி: "மதுரா"ன்னு இருந்தா வடக்கு, "மதுரை"ன்னா தெற்கு. முடிஞ்சுதா?

அக்கா: முடியலை. இலங்கையோட பழைய வரலாற்று நூல் மகாவம்சத்துல, அரசன் விஜயனுக்குப் பொண்ணு கேட்டு ஆள் அனுப்பினது மதுராவுக்கு. பொண்ணு பாண்டியன் மக. பாலி மொழியில நம்ம ஊர் அப்படி ஆயிடுச்சு. 140-ஆம் பக்கத்து மதுரா வேற, ஜாவாவை ஒட்டின தீவு. 2-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க நிலவியலாளர் தாலமியைப் பாரு, ரெண்டு மொதூரா வருது, "தேவர்களின் மொதூரா", "பாண்டியோனின் மொதூரா"ன்னு பிரிச்சே எழுதிட்டாரு. அவர்கிட்ட கன்ட்ரோல் எஃப் இல்லை.

தம்பி: அப்போ "மதுராந்தகம்"? அது உள்ளேயே மதுரை இருக்கே.

அக்கா: இருக்கு, கூடவே எமனும் இருக்கான். அந்தகன்னா எமன். பாண்டியனை ஜெயிச்ச மிதப்புல சோழர் வச்சுக்கிட்ட பட்டம் மதுராந்தகன். ஊரு செங்கல்பட்டுப் பக்கம். அதுக்குத் தனிப் பதிவு. மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரைச் "சா"வுல வை, மதுரையிலேர்ந்து ஒரு "காண்க" குறிப்பு போதும். மதுரைக்காஞ்சி 782 அடிப் பாட்டு, நூற்பெயர் வரிசைக்கு அனுப்பு. இவ்வளவும் கழிச்சு, எஞ்சினதுல ஏழு எண்ணுக்கு மேல நின்னா கல்வெட்டு, சங்கப்பாடல், சிலம்புன்னு உட்பதிவா உடை.

தம்பி: கழிக்கிறதையே சொல்றீங்களே, விட்டது எதுவும் இல்லையே?

அக்கா: ஏன் இல்லை? தமிழிங்கிற பழைய எழுத்துல இருக்கிற கல்வெட்டுல "மதிரை"ன்னு இருக்கும், உன் தேடல்ல சிக்காது. மதுரைக்கு வேற பேரும் உண்டு, ஆலவாய், நான்மாடக்கூடல்...

தம்பி: கூடலைத் தனியா தேடிட்டேங்கா! திருக்குறள்லயே மதுரை வருது, 1327. "ஊடலில் தோற்றவர் வென்றார் அதுமன்னும் கூடலிற் காணப் படும்."

அக்கா: ...

தம்பி: எலெக்ஷன் மாதிரி இருக்கு. எங்கேயோ தோத்தவங்க மதுரையில ஜெயிச்சிருக்காங்க.

அக்கா: டேய், அது காமத்துப்பால்! ஊடலுவகை அதிகாரம். கோவிச்சுக்கிட்டவங்க சேர்றதுதான் அந்தக் கூடல்.

தம்பி: (அவசரமாக அடித்து) அப்போ நாச்சியார் திருமொழியில "கூடிடு கூடலே"...

அக்கா: வட்டம் சுழிச்சுக் குறி பார்க்கிற கூடல். அதையும் அடிச்சிடு. முதல் எண் 4-னு இருக்கே, அங்கே எந்த மதுரை?

தம்பி: அது பதிப்பக முகவரிங்கா. மதுரை 625 001.

அக்கா: (பேனா மூடியைக் கடித்தபடி) இந்த அடைவை எப்போ எடுத்த?

தம்பி: திங்கக்கிழமை.

அக்கா: பக்கமெல்லாம் எப்போ முடிவாச்சு?

தம்பி: நேத்துத்தான்கா. 30-ஆம் பக்கத்துக்குப் பின்னால ஆசிரியர் ரெண்டு பக்கத்துக்குப் படம் சேர்க்கச் சொன்னாரு.

அக்கா: அப்போ இப்ப நாம பார்த்தது 112 இல்லை.

தம்பி: 112-தான்கா. நீங்க பார்த்தது திங்கக்கிழமை நகல்.