ஒன்றாக வாழ ஒரே அச்சில் வார்க்க வேண்டுமா?

மொழிப் பன்மை தேவையா என்று ஞாயிற்றுக்கிழமை நடந்த கலந்துரையாடலைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மனித இனம் செவ்வாயில் குடியேறப்போகும் காலத்தில் இத்தனை மொழிகளும் வழக்கங்களும் வீண் சுமை என்று அதில் பேசிய பெரியவர் ஒருவர் திருவாய் மலர்ந்தது அவர் கருத்து. மறுத்துப் பேச எழுந்த பெண்ணிடம் "உணர்ச்சிவசப்படாதீர்கள் அம்மா" என்று சொல்லி ஒலிவாங்கியைப் பறித்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

சமூகம் விரிய விரியப் பன்மை கூடத்தான் செய்யும். அதை வெட்டப் புகுந்தவர்களே பிளவைத் தேடிக்கொண்டார்கள். 1948-இல், அன்று பாகிஸ்தானின் பகுதியாக இருந்த டாக்காவில், உருது மட்டுமே அரச மொழி என்று அந்நாட்டுத் தலைவர் ஜின்னா அறிவித்தார். 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காகத் திரண்ட மாணவர்கள் சுடப்பட்டார்கள். 1971-இல் அந்த நாடே இரண்டாகி வங்கதேசம் பிறந்தது. பொருளாதாரக் காரணங்களும் இருந்தனவே என்பீர்கள். இருந்தன, யார் மறுத்தது? ஆனால் மொழியில் மதிக்கப்படாதவன் வரவு செலவில் மட்டும் மதிக்கப்படுவான் என்று நம்பும் வெகுளித்தனம் எனக்கு இல்லை. பெரும்பாலும் ஒரே மொழியும் ஒரே மதமும் கொண்ட சோமாலியா 1991-இல் சிதறியதே, அதற்கு எந்தப் பன்மை காரணம்? மிகச் சிறுபான்மையினர் பேசும் ரொமான்ஷை 1938-இல் வாக்களித்துத் தேசிய மொழியாக்கிய சுவிட்சர்லாந்து உடைந்தா போயிற்று? "அது பணக்கார நாடு" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், உணவு இடைவேளையில் சக ஊழியர் ஒருவரோடு தாய்மொழியில் பேசியதற்காக மேலாளர் எங்களை அழைத்து, இதனால் குழு மனப்பான்மை கெடுகிறது என்று கண்டித்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அந்த நண்பருடைய தந்தையின் அறுவை சிகிச்சையைப் பற்றி. அதன்பின் அந்த அறையில் நாங்கள் வாயே திறக்கவில்லை; மேலாளர் அதைத்தான் ஒற்றுமை என்று எண்ணி மகிழ்ந்திருப்பார்.

அப்படியானால் பொது மொழியே வேண்டாமா என்று கேட்காதீர்கள். வேண்டும். பழைய பாரசீகப் பேரரசு நிர்வாகத்துக்கு அரமேய மொழியை வைத்துக்கொண்டது. ஆனாலும் அதன் பேரரசன் முதலாம் தாரியஸ் தன் வெற்றியை, இன்றைய ஈரானிலுள்ள பெகிஸ்தூன் பாறையில் மூன்று மொழிகளில் வெட்டுவித்தான். பாசத்தால் அல்ல, தேவையால்தான். அந்த நடைமுறை அறிவுகூட நம் மேடைகளில் இல்லை. விண்வெளியைக் காட்டி மிரட்டுபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களில், வேற்றுலகினர் கண்டெடுத்தால் கேட்பதற்காக வைத்த தங்க ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. (அந்த 55-இல் தமிழ் இல்லை என்ற வருத்தம் வேறு கதை.)

எல்லாவற்றையும் மொழிச் சண்டையாக்காதே என்று நெருங்கிய நண்பர் ஒருவர் நேற்று எழுதியிருந்தார். கைவிட வேண்டிய மொழிகளின் பட்டியலை யார் தயாரிப்பார்கள், அதில் உங்கள் மொழி எத்தனையாவது என்று மட்டும் அவரிடம் கேட்டேன். இதுவரை பதில் இல்லை. என்னை நட்பிலிருந்து நீக்கியிருக்கிறார்.