மறுத்தால் மதிப்பெண் போச்சு

தமிழ் இலக்கிய வகுப்பில், திறனாய்வுகளைத் தேடிப் படித்து மதிப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள் ஆசிரியர்கள். சரி, எழுதலாம். ஆனால் விமர்சகரை மறுத்து ஒரு வரி எழுதினால் உடனே சிவப்பு மை! "அவரையே குறை சொல்கிறாயா?" ஏன், சொல்லக் கூடாதா? எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியதே விமர்சனத்துக்காகத்தானே? தமிழ் நாவலைப் பற்றி இலங்கை மார்க்சிய விமர்சகர் கைலாசபதி எழுதியதை, இன்னொரு விமர்சகரான வெங்கட் சாமிநாதன் கடுமையாக மறுக்கவில்லையா? அந்த மோதலைப் படித்துத்தான் எனக்கு விமர்சனமே பிடித்தது. வகுப்பிலோ அந்த விமர்சகர்கள் வெறும் இரண்டு மேற்கோள்கள், ஐந்து மதிப்பெண். மூல நூலைத் தேடிப் போனால் நூலக அலமாரிக்குப் பூட்டு. சாவி யாரிடம்? யாருக்கும் தெரியாது. அப்புறம் எல்லோரும் ஒரே நோட்ஸைப் பார்த்து எழுதினால், "சொந்தக் கருத்து எங்கே?" என்று திட்டு வேறு. எங்கிருந்து வரும்?