கிட்டார் பிக்கப்பை மிக்ஸரில் நேராகச் செருகலாமா? கூடாது

"சவுண்ட்போர்டு பிக்கப்பை (அக்கூஸ்டிக் கிட்டாரின் பலகை அதிர்வை மின்சமிக்ஞையாக்க உள்ளே ஒட்டும் கருவி) மிக்ஸரின் லைன் இன்புட்டில் நேராகச் செருகினால் போதும், சத்தம் தகரம் மாதிரி வந்தால் பிக்கப் மட்டம்" என்று சிலர் சொல்வது தவறு. பழி பிக்கப் மேல் இல்லை, இணைப்பில் இருக்கிறது.

இந்த பிக்கப்பில் இருப்பது பீசோ, அதாவது அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும் வட்டத் தகடு (டிஸ்க்). பேட்டரி இல்லாத பீசோ பிக்கப் ஒரு கெப்பாசிட்டர் (மின்னேற்றம் சேமிக்கும் பாகம்) மாதிரி. 27 மி.மீ. டிஸ்க் சுமார் 20 நானோஃபாரட் இருக்கும். லைன் இன்புட்டின் மின்தடை 10 கிலோஓம் என்றால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். கிட்டாரின் ஆறாவது கம்பியின் அடிச்சுரமோ 82 ஹெர்ட்ஸ்! அதே டிஸ்க்கை 1 மெகாஓம் இன்புட்டில் கொடுத்தால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆகவே நடுவில் ஒரு பீசோ ப்ரீஆம்ப் (சமிக்ஞையை முன்கூட்டியே வலுப்படுத்தும் பெட்டி), அல்லது இன்புட் 1 மெகாஓமுக்குக் குறையாத ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கருவியை மிக்ஸருக்குப் பொருத்தும், மின்சாரத்தில் இயங்கும் பெட்டி) வேண்டும். மின்சாரம் தேவைப்படாத பாஸிவ் டிஐ பெரும்பாலும் உதவாது.

ஒட்டும் விதமும் முக்கியம். பஞ்சு வைத்த டேப் உயர்சுர அதிர்வுகளை விழுங்கிவிடும். முதலில் புட்டியால் (களிமண் போன்ற ஒட்டுப்பசை) தற்காலிகமாக ஒட்டி, உள்ளே பிரிட்ஜ் பிளேட்டில் (பிரிட்ஜுக்கு அடியில் உள்ள மரத்துண்டு) சேடிலுக்கு (பிரிட்ஜில் கம்பிகள் தாங்கி நிற்கும் பட்டை) நேர் கீழே அரை அங்குலம் அப்படி இப்படி நகர்த்திக் கேளுங்கள். அந்தச் சின்ன நகர்வுக்கே குரல் மாறும். இடம் பிடித்துப்போனால் தூசி துடைத்து, சூப்பர் க்ளூவை மெல்லிய படலமாகத் தடவி அழுத்துங்கள்.

மேடையில் ஃபீட்பேக்கால் ஊளையிட்டால் முதலில் ஃபேஸ் சுவிட்சை (சமிக்ஞையைத் தலைகீழாக்கும் பொத்தான்) மாற்றிப் பாருங்கள், பிறகு சவுண்ட்ஹோலுக்கு (கிட்டாரின் நடுத் துளை) மூடி போட்டுப் பாருங்கள்.