மெனூசிஸ் பாட்டில் சொல் கேட்க வேண்டும்

கிரேக்க நாட்டுப்புறப் பாட்டை எடுத்து, சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் இழுத்து நீட்டி, எதிரொலியில் ஊறவைத்து, 'ஆம்பியன்ட்', அதாவது சூழலோடு கரையும் இசை, என்ற பெயரில் நிறைய இசை வருகிறது. எனக்கு இந்த வகை இசை ரொம்பப் பிடிக்கும். பிடிப்பதால்தான் ஆதங்கமும். பலர் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவிடுகிறார்கள்.

நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரத்தை எலக்ட்ரானிக் இசைக்காரர்கள்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று நினைப்பவர்கள் எபிரஸ் பாட்டைக் கேட்க வேண்டும். வடமேற்குக் கிரேக்கத்தில், அல்பேனிய எல்லையை ஒட்டிய பகுதி அது. அங்கே போகோனி கிராமங்களில் குழுவாக உட்கார்ந்து பாடுவார்கள். ஒருவர் பாட்டை எடுப்பார், இன்னொருவர் அதை வாங்கித் திருப்புவார், மற்ற எல்லோரும் ஒரே அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல. ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்திலிருப்பவர் சுரத்தை விடமாட்டார், அதனால் ஒலி அறுவதே இல்லை. அரைச்சுர இடைவெளி இல்லாத ஐந்தே சுரங்கள். சுத்த தன்யாசி ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாகவே படாது. 1926இல் நியூயார்க்கில் அலெக்சிஸ் ஜூம்பாஸ் வயலினில் வாசித்துப் பதிவான எபிரஸ் ஒப்பாரியைக் கேளுங்கள். கீழே ஒரே சுரம் நகராமல் நிற்க, மேலே வயலின் வழுக்கி வழுக்கி இறங்கும். ஆம்பியன்ட் என்று பின்னால் பெயர் வைத்ததில் பாதி அதில் ஏற்கெனவே இருக்கிறது.

கிரேக்க நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வந்தவற்றில் எனக்கு இன்றும் முதலிடம் 1979இல் வெளியான 'ஓட்ஸ்' இசைத்தட்டுக்குத்தான். இசை வாங்கெலிஸ், குரல் ஐரீன் பாப்பாஸ். வாங்கெலிஸுக்குக் கைவந்த யமஹா சி.எஸ்-80 சிந்தசைசரில் ஒரு கட்டையைக் கூடுதலாக அழுத்தினால் அந்த ஒரு சுரம் மட்டும் விம்மும். குரலோடு சேர்ந்து மூச்சுவிடத் தெரிந்த கருவி. பாப்பாஸோ அடிப்படையில் நடிகை, அதுவும் கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் ஊறியவர். சொல்லை விழுங்கவே மாட்டார்.

அதில் 'மெனூசிஸ்' என்று ஒரு பாட்டு. குடித்துக்கொண்டிருக்கும் ஆண்கள் பெண்களைப் பற்றிப் பேசுகிறார்கள். உன் பெண்டாட்டி அழகி என்கிறான் ஒருவன். நீ எங்கே பார்த்தாய் என்று கேட்கிறான் மெனூசிஸ். நேற்றுக் கிணற்றடியில், என் கைக்குட்டையைத் துவைத்துத் தந்தாள் என்று பதில் வருகிறது. போதையில் வீட்டுக்குப் போய் அவளைக் கொன்றுவிடுகிறான். விடிந்து போதை தெளிந்ததும் பிணத்தருகே அழுகிறான்.

இந்தப் பாட்டைச் சொல் புரியாத புகைமூட்டமாக்கினால் என்ன மிஞ்சும்? ஒரு கொலை, கண்ணை மூடித் தியானம் செய்வதற்கான பின்னணி இசையாகிவிடும். அப்படித்தான் பலமுறை ஆகிறது. பழைய பதிவிலிருந்து ஒரு பாட்டியின் குரலை வெட்டி, நான்கு மடங்கு மெதுவாக்கி, மேலே கடலலைச் சத்தம் போட்டுவிடுகிறார்கள். அவர் மகனுக்காக அழுகிறாரா, கல்யாணப் பெண்ணை வழியனுப்புகிறாரா என்று கேட்பவனுக்குத் தெரியவே வாய்ப்பில்லை.

சோதனை முயற்சிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீட்டுங்கள், உடையுங்கள், இரைச்சல் சேருங்கள், எல்லாம் சரி. ஆனால் ஒரு சரணமாவது முழுதாக, உச்சரிப்போடு கேட்கட்டும். அப்புறம் அட்டையில் எந்த ஊர்ப் பாட்டு, யார் பாடியது, எதைப் பற்றியது என்று மூன்று வரி எழுதுங்கள். 'பாரம்பரியக் குரல்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.